பாலிசி முடிந்த பிறகு வந்த நோட்டீஸ்

பிப்ரவரி 11

டாக்டர் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பிப்பதைப் பார்த்துச் சிரிக்காதே. "என்னை மரியாதையா கூப்பிட உனக்கு எப்பத்தான் தெரியும்?" என்று கேட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனவன் நீ. இதோ, கூப்பிட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன் செய்தால் எடுக்க மாட்டாய். மாமாவைப் பேசச் சொன்னால் "நல்லா இருக்கேன் மாமா, ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவாய். எந்த ஆஸ்பத்திரியில் எந்நேரமும் தியேட்டரிலேயே இருக்கிறார்கள் என்று மாமா கேட்கிறார். அதனால்தான் கடிதம்.

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. உனக்கும் வந்திருக்கும், அல்லது வழியில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் கிளினிக்கில் நீ மயக்க மருந்து கொடுத்து நான் பித்தப்பை எடுத்தேனே ஒரு தையற்காரம்மாவுக்கு, ஞாபகம் இருக்கிறதா? பித்தப்பை ஈரலோடு ஒட்டிக்கொண்டு, வயிற்றைத் திறந்து, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் இழுத்த ஆபரேஷன். வயிறு நன்றாக ஆறிவிட்டது. கைதான் போய்விட்டது. மேசையில் வலது கையை நீட்டி வைத்த விதத்தில் தோள் நரம்பு இழுபட்டுவிட்டது என்று நோட்டீஸ் சொல்கிறது. கத்திரியைப் பிடித்தால் நழுவுகிறதாம். பள்ளிக்கூடச் சீருடை தைத்து இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர். இப்போது மூத்த பெண் படிப்பை விட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். கடை வழியாகப் போகும்போது நான் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறேன்.

என் பக்கம் கொஞ்சம் பாதுகாப்பு இருக்கிறது. தையல் பிரிக்க வந்த அன்றே அவர், "டாக்டரம்மா, விரலெல்லாம் மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றார். அன்று மாலையே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு, இப்படி ஒன்று நடந்திருக்கிறது, நாளைக்கு வழக்காக வந்தாலும் வரலாம் என்று எழுதிப்போட்டேன். பாத்திரம் விழுவதற்கு முன்பே கையை நீட்டுகிறவள் நான், உனக்குத் தெரியும். அதனால் கம்பெனி மறுபேச்சில்லாமல் எனக்கு ஒரு வக்கீலைக் கொடுத்திருக்கிறது. மெலிந்த மனிதர். பேனா மூடியைக் கடித்துக்கொண்டே பேசுகிறார். "யார்கிட்டயும் பேசாதீங்க, எதையும் எழுதாதீங்க. முக்கியமா, மன்னிப்புக் கேட்டுடாதீங்க டாக்டர். நீங்களா தப்புன்னு ஒத்துக்கிட்டா கம்பெனி விலகிக்கும்."

எழுதாதே என்று சொன்ன இரண்டாம் நாளே எழுதுகிறேன். நீயும் உடனே கம்பெனிக்குத் தெரிவி. தள்ளிப்போடாதே. தூங்குமூஞ்சி என்று வீட்டில் பெயர் வாங்கியது போதும்.

அக்கா


பிப்ரவரி 20

பெருமதிப்புக்குரிய சர்ஜன் அம்மையாருக்கு,

நோட்டீஸ் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு அல்ல, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு. வரவேற்பில் இருக்கும் பெண் உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டாக்டர், உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ்!" என்று கல்யாணப் பத்திரிகை வந்த மாதிரி கூவினாள். வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மரியாதைப் பேச்சை நீயே எடுத்ததால் சொல்கிறேன். மரியாதைக்காக நான் ஏங்கிக் கிடக்கவில்லை. தலை நரைக்க ஆரம்பித்த ஒருவனை, நோயாளி மேசையில் கண்விழித்துப் படுத்திருக்கும்போது, "டேய், எங்கடா போய்த் தொலைஞ்ச?" என்று கேட்டாய். நான் போயிருந்தது பக்கத்து அறைக்கு, உன்னுடைய நோயாளிக்கு ரத்தம் ஏற்பாடு செய்ய. மேசையில் படுத்திருந்த மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. இவனிடமா உயிரைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகிறோம் என்று நினைத்திருப்பார்.

அன்றோடு நம் பேச்சு நின்றது. அப்புறம் தியேட்டருக்குள் பெரிய சிஸ்டர்தான் தூது. "சிஸ்டர், வயிறு இறுகுதுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்பாய், இரண்டடி தள்ளி நிற்கும் என்னை வைத்துக்கொண்டே. நானும் "சரி பண்றேன்னு சொல்லுங்க சிஸ்டர்" என்பேன். பாவம், அந்த அம்மாள் நமக்கு நடுவில் மத்தளமாய் அடி வாங்கினார்.

நோட்டீஸின் இரண்டாம் பக்கம் படித்தாயா? முன்பு மாடிப்படியில் விழுந்து வலது தோள் ஒருமுறை கழன்றிருக்கிறது, அந்தக் கையை இழுக்க வேண்டாம் என்று ஆபரேஷன் அன்று காலையிலேயே 'டாக்டரிடம்' சொன்னாராம். எந்த டாக்டரிடம்? என்னிடம் இல்லை. மயக்க மருந்துக்காக முந்தின நாள் நான் கேட்டபோது மாத்திரை, மூச்சிரைப்பு, கட்டுப்பல் பற்றியெல்லாம் சொன்னார், தோளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஆபரேஷன் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. நீ நிற்க இடம் போதவில்லை. ஏனோ சிஸ்டர் அன்று வாயே திறக்கவில்லை. நீ மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கையை இன்னும் மேலே தள்ளணும்" என்றாய். விளக்குக்குக் கை இல்லாததால் நான் தள்ளினேன். அதிகம் என்று எனக்குப் பட்டது. சொல்ல வாயெடுத்தேன். முகமூடிக்கு மேலே உன் கண்ணைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். நல்ல தோளாக இருந்திருந்தால் தாங்கியிருக்கும். பழுதான தோள் என்று தெரிந்திருந்தால் உன் கண்ணுக்கெல்லாம் பயந்திருக்க மாட்டேன்.

இன்சூரன்ஸ் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். ஆபரேஷன் நடந்தபோது நான் ஒழுங்காகத் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். ஏஜென்ட்டுக்கு எழுதியிருக்கிறேன்.

உன் தம்பி (தூக்கம் கலைந்தவன்)


மார்ச் 1

அக்கா,

கம்பெனியிடமிருந்து பதில் வந்துவிட்டது. எனக்குப் பாதுகாப்பு கிடையாது.

நான் நினைத்திருந்தது, சம்பவம் நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதும் என்று. அப்படி இல்லையாம். நாம் ஒன்றாகப் போய் வாங்கிய அந்தப் பாலிசியில், நம்மேல் புகார் வந்து சேரும் நாளில் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். மழை பெய்தபோது குடை வைத்திருந்தாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நனைந்தவர் வந்து கதவைத் தட்டும்போது உன் கையில் குடை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான் கிளினிக்கை விட்டதும் தவணையையும் விட்டேன். இந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் பாதுகாப்பு இந்தக் கூரைக்குக் கீழே நான் செய்யும் வேலைக்கு மட்டும்தான். விலகும்போதே, பின்னால் வரக்கூடிய புகார்களுக்காகத் தனியாகக் கட்டி நீட்டித்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னார். "ஊரையே விட்டுப் போறேன், பழைய கதைக்கு எதுக்குங்க?" என்று நான் சிரித்தேன். அது என் புத்தி. அதற்கு உன்னைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் இன்னொரு வழி இருந்ததாம். அதை ஏஜென்ட் போனில் சொன்னார். பாலிசி உயிரோடு இருக்கும்போதே, இப்படி ஒரு சம்பவம் நடந்திருக்கிறது, நாளைக்குப் புகார் வரலாம் என்று ஒரு கடிதம் போட்டு வைத்தால், புகார் எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அந்தக் கடிதம் காப்பாற்றும். "உங்க அக்கா போட்டு வச்சிருக்காங்களே சார். நீங்க ஏன் போடல?" என்றார்.

நான் ஏன் போடவில்லை? எனக்குக் கை மரத்துப்போன விஷயமே தெரியாது, அக்கா. மயக்க மருந்து கொடுக்கிறவனைத் தேடி வந்து யாரும் தையல் பிரித்துக்கொள்வதில்லை. அவர் உன்னிடம் சொன்னார். நீ அன்று மாலையே கம்பெனிக்கு எழுதினாய். அந்த மாலை நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என் பாலிசிக்கு இன்னும் ஒரு மாதம் உயிர் இருந்தது. பாத்திரம் விழும் முன்பே கையை நீட்டுகிறவள் என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். உன் பாத்திரத்துக்கு மட்டும்தான் நீட்டியிருக்கிறாய்.

போன வருடம்தான் வங்கியில் கடன் வாங்கி வீடு வாங்கினோம். திரைச்சீலை தைக்க ஜன்னலை அளந்துகொண்டிருந்த என் மனைவி, விஷயம் கேட்டதும் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டாள். வாங்கிய துணியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

இனி எனக்கு எழுதாதே.


மார்ச் 12

தம்பி,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்?

அந்த மாலை என்ன நடந்தது என்று கேள். கடிதத்தை ஒட்டியதும் உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். உன் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. நீ யாரிடமோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய். "இன்னும் ஒரு மாசந்தான். அப்புறம் எனக்கு விடுதலை" என்றாய். நீ கிளினிக்கை விட்டுப் போகப்போகிறாய் என்பதே எனக்கு அப்படித்தான் தெரிந்தது. விடுதலையாம். நாம் இரண்டு பேரும் அலைந்து திரிந்து, பழைய கட்டிலுக்குப் பெயின்ட் அடித்து ஆரம்பித்த இடம் உனக்குச் சிறை ஆகிவிட்டது. விடுதலை வேண்டியவனுக்கு என் செய்தி எதற்கு என்று திரும்பிவிட்டேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் கோபம் இருந்தது. அப்புறம் நிஜமாகவே மறந்துபோனேன். வேண்டுமென்று மறைத்தேன் என்று நினைக்காதே. நினைத்தாலும் உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

தோள் விஷயத்தைக் கேட்டிருந்தாய். அவர் சொன்ன டாக்டர் நான்தான். ஆபரேஷன் அன்று காலை வார்டில், "இந்தக் கையை மட்டும் பாத்துக்கோங்க டாக்டரம்மா, இதுதான் எனக்குச் சோறு போடுது" என்றார். கேஸ் தாளில் எழுதியிருக்க வேண்டும். பேனா யாரிடமோ இருந்தது. பெரிய சிஸ்டரிடம் "டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றேன். அவர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "இனிமே நான் தூது போறதா இல்ல டாக்டர். இது நோயாளி விஷயம். நீங்களே நேர்ல சொல்லுங்க" என்றார். அன்று அவர் ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? நானும் சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் தியேட்டருக்குள் வந்தேன். நீ தலைமாட்டில் குனிந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து "வா" என்று ஒரு வார்த்தை சொல்வாயா என்று பார்த்தேன். நீ நிமிரவில்லை. கை கழுவிவிட்டு வந்து சொல்லலாம் என்று போனேன். வந்தபோது அவர் தூங்கிவிட்டார், ஆபரேஷனைத் தொடங்கிவிட்டேன், என் புத்தி முழுக்கப் பித்தப்பைக்குள் போய்விட்டது.

இதை வக்கீலிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

வக்கீல் வேறு கதை வைத்திருக்கிறார். "நோயாளி மயங்கின பிறகு கை, கால், தலை எல்லாம் மயக்க மருந்து டாக்டர் பொறுப்பு. கை வச்சிருந்த பலகையைத் தள்ளினதும் அவர்தான். நீங்க வயித்துக்குள்ள மும்முரமா இருந்தீங்க. அவ்வளவுதான் டாக்டர், ரொம்ப சுலபமான கேஸ்." பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சிரிக்கிறார். பழி உன்மேல் விழுந்தால் கம்பெனிக்கு ஒரு காசு செலவில்லை. உன் பாலிசி செத்துவிட்டது, என் பாலிசிக்கு வேலை இல்லை. நம் இருவரிடமும் வருடா வருடம் தவணை வாங்கிய கம்பெனி இருவருக்காகவும் ஒன்றும் கொடுக்க வேண்டாம். "அந்தம்மாவுக்கு யார் குடுப்பாங்க?" என்று கேட்டேன். "அது அவருக்கும் அந்தம்மாவுக்கும்" என்றார். அவர் என்பது நீ.

இதையும் சொல்லிவிடுகிறேன். "அதிகம் என்று எனக்குப் பட்டது" என்று நீ உன் கையாலேயே எனக்கு எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை வக்கீலிடம் காட்டினால் என் கஷ்டம் அன்றே தீரும். காட்டமாட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. தோளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று வாயைத் திறந்தால் மருத்துவக் கவுன்சில் கூப்பிடும். தப்பை ஒத்துக்கொண்டாள் என்று கம்பெனி விலகினாலும் விலகும். பாலிசி இல்லாத சர்ஜன் கத்தி எடுக்க முடியாது. கிளினிக்கை மூட வேண்டும். பெரிய சிஸ்டர், வார்டு ஆயா, கணக்குப் பார்க்கும் பையன், எல்லோரும் தெருவில் நிற்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைவிட ஆறு வயது பெரியவள், உன்னிடம் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

அக்கா


மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தை மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "உங்க அக்கா என்னதான் செய்யப் போறாங்களாம்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரியாதுதான்.

எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த மாலை நீ கதவைத் தள்ளியிருந்தால் நான் போனை வைத்துவிட்டுத் திரும்பியிருப்பேன். விடுதலை என்று சொன்னதும் உண்மை. நாலு பேர் முன்னால் டேய் என்று அழைக்கப்படாத ஓர் இடத்துக்குப் போக நினைத்தேன். அது உன்னிடமிருந்து விடுதலையா என்று அன்று நான் யோசிக்கவில்லை. கட்டிலுக்கு அடித்த பெயின்ட் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. பாதியை என் சட்டையில் அடித்தாய்.

ஒரு விஷயத்தில் உனக்குப் பயம் தேவையில்லை. என் பழைய பாலிசியை எடுத்து, ஆஸ்பத்திரியில் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து வரிக்கு வரி படித்தேன். உன்னுடையதும் அதே அச்சுத்தான். வாங்கியபோது நாம் இருவரும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை, ஏஜென்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு காபி குடிக்கப் போனோம். கம்பெனியைக் கேட்காமல் நீயாகப் போய் 'பொறுப்பு என்னுடையது, இவ்வளவு தருகிறேன்' என்று ஒத்துக்கொள்ளக் கூடாது. அதுதான் நிபந்தனை. நடந்ததை நடந்தபடி சொல்லக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது. தெரிந்த எல்லாவற்றையும் கம்பெனியிடம் சொல்ல வேண்டும், மறைத்தது தெரிந்தால்தான் பாலிசி போகும். இங்கே எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடமும் கேட்டேன். "தப்பே பண்ணாதவங்களுக்கு எதுக்கு டாக்டர் இந்த இன்சூரன்ஸ்? தப்பு பண்றவங்களுக்குத்தான் இது. பொய் சொல்றவங்களுக்குத்தான் இல்ல" என்றார்.

உன் பேனாமூடி வக்கீல் இதை உனக்குச் சொல்லமாட்டார். அவர் சம்பளம் வாங்குவது கம்பெனியிடம்.

கவுன்சில் கூப்பிடும் என்பது உண்மை. அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்பதும் நடக்கலாம். என்னைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்கவில்லை என்று பொய் சொல்லவும் வரவில்லை. வீட்டில் குழந்தை, "அப்பா, நாம இந்த வீட்டுலதான இருப்போம்?" என்று கேட்கிறாள். அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வக்கீலுக்குப் பெரிய சிஸ்டர் விஷயம் தெரிந்தால், 'நர்ஸ் சொல்ல மறந்துவிட்டார்' என்று கதையை மாற்றுவார். அந்த அம்மாள் ஒருவர்தான் அன்று சரியாக நடந்துகொண்டவர். அவர்மேல் ஒரு சொல் விழுந்தால் உனக்குத் தம்பி என்று ஒருவன் இருந்ததை மறந்துவிடு.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். தோள், கேஸ் தாள், சிஸ்டர், எல்லாம்.

பேனா மூடியை வாயிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதை ஏன் டாக்டர் முதல்லயே சொல்லல?" என்றார். "நீங்க கேட்கல" என்றேன். அது பாதி உண்மை. நீ சொன்னது போலவே உடனே சிஸ்டரைப் பிடித்தார். "நர்ஸ்கிட்ட சொன்னீங்கல்ல? அப்ப அவங்க கடமை அது. அவங்க மறுத்தாங்கன்னு சொல்லலாமே" என்றார். "அவங்க மறுக்கல. என் வேலையை என்னையே செய்யச் சொன்னாங்க" என்றேன். கம்பெனியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒரு வாரம் கம்பெனியிடமிருந்து மூச்சு இல்லை. அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. "சொன்னதைச் சொல்லிட்ட, இனி அதையே ஏன் மென்னுக்கிட்டு இருக்க?" என்று மாமா திட்டினார். நேற்று பதில் வந்தது. வழக்கை நடத்துகிறார்கள், விலகவில்லை. ஆனால் விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்காததற்கு வாய் திறக்கக் கூடாது என்று கண்டிப்பாக எழுதியிருக்கிறார்கள்.

என் பங்கை நான் சொல்வேன். நீ எனக்கு எழுதிய அந்த வரி உன்னுடையது. அதை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. போன கடிதத்தில் எழுத வராதது இப்போது வந்துவிட்டது.

அக்கா


ஏப்ரல் 19

தம்பி,

விசாரணை முடிந்தது. என் பங்கு முடிந்தது என்று சொல்ல வேண்டும். உன்னை அடுத்த மாதம் கூப்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

நான் எதிர்பார்த்தது கூண்டும் மேடையும். சாதாரண அறைதான். நீண்ட மேசை, காகிதம் மூடிய தண்ணீர் டம்ளர்கள், தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறி. நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் குழுவில் மூன்று பேர். தையற்காரம்மா எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். வலது கையை மடியில் வைத்து, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார், தூங்கும் குழந்தையைப் பிடிப்பது போல. இரண்டு வருடமாக எதிர்ப்பக்கம் நடந்து தப்பித்தேன். அன்று ஒரு மேசை அகலம்தான்.

அவருடைய வக்கீல் கேட்டார். சொன்னேன். காலையில் அவர் என்னிடம் சொன்னது உண்மை. நான் எழுதவில்லை. மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லவில்லை. "ஏன் சொல்லல டாக்டர்?" என்று குழுத் தலைவர் கேட்டார். வயதான மனிதர், அவரும் ஒரு காலத்தில் சர்ஜனாக இருந்தவராம். "நாங்க பேசிக்கறதில்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "யார் பேசிக்கறதில்ல?" "நானும் அவரும். அவர் என் தம்பி." அறையில் யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு அடி மாதிரி விழுந்தது. வாங்கிக்கொண்டேன். பலகையைத் தள்ளச் சொன்னது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். நீ என்ன நினைத்தாய் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்ததும் தலைவர் தையற்காரம்மாவைப் பார்த்து, ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். அவர் எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் டாக்டரம்மா. நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தா, என் கை நல்லா இருந்திருக்குமா?"

என் வக்கீல் பாதி எழுந்துவிட்டார். "டாக்டர், இதுக்கு நீங்க பதில் சொல்ல வேண்டியதில்ல" என்றார். தலைவரும் அதையே சொன்னார், விருப்பமிருந்தால் சொல்லலாம், கட்டாயமில்லை என்றார்.

"ஆமாம்மா. இருந்திருக்கும்" என்றேன்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவர் மகளிடம் தண்ணீர் கேட்டார். மகள் டம்ளரை இடது கையில் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் வக்கீல், கடைசிப் பதிலைக் கம்பெனி எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தனக்குத் தெரியாது என்றார். விசாரணையில் கேட்ட கேள்விக்கு உண்மை சொன்னதால் விலக முடியாது என்று பிறகு அவரே போன் செய்தார். என் பங்குக்கு வரும் நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்கும். வருட முடிவில் என் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டார்கள். கவுன்சிலிலிருந்தும் கடிதம் வந்துவிட்டது. ஆபரேஷன் எதுவும் இப்போது எடுப்பதில்லை. காலையில் கிளினிக்கைத் திறந்து, காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எழுதிக்கொடுக்கிறேன். பெரிய சிஸ்டர் தியேட்டர் விளக்கைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்.

நீ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உனக்கு யாரும் சொல்லவில்லை. அது உண்மையும்கூட. அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ. குழந்தையிடம், அந்த வீட்டில்தான் இருப்பீர்கள் என்று அத்தை சொன்னதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 27

அக்கா,

உன் கடிதத்தை மூன்று நாள் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நேரில் பேசாமலே பழகிய இரண்டு பேருக்குக் காகிதத்திலும் திக்குகிறது.

என் வக்கீல் சந்தோஷமாக இருக்கிறார். உன் வாக்குமூலத்தின் நகலைப் படித்துவிட்டு, "உங்க அக்கா எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாங்க டாக்டர். 'எனக்கு யாரும் சொல்லல, அவங்க தள்ளச் சொன்னாங்க, தள்ளினேன்'னு ரெண்டு வரி சொல்லுங்க. வீடு தப்பிச்சுது" என்றார். கை குலுக்கினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் மறுபடி அளவு நாடாவை எடுத்தாள். பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று முழுக்க எனக்கும் சந்தோஷம்தான். மறைக்கமாட்டேன்.

இரண்டாம் நாள் இங்கே ஒரு ஆபரேஷன். இளம் சர்ஜன், நல்ல பையன். இடம் போதவில்லை என்று நோயாளியின் கையை மேலே தள்ளச் சொன்னான். "போதும். இதுக்கு மேல தள்ளமாட்டேன்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? "சரி சார்" என்று அவன் நகர்ந்து நின்றுகொண்டான். அவ்வளவுதான். இந்த ஒரு வாக்கியம்தான் அந்த அம்மாளின் கைக்குத் தேவைப்பட்டது. அன்றும் அது என் வாயில்தான் இருந்தது. தோள் பழுது என்பது எனக்குத் தெரியாது, ஆனால் அளவு அதிகம் என்பது தெரியும். தெரிந்தே தள்ளினேன். நீ தவிக்கட்டும், தவறினால் உன் தலையில் விடியட்டும் என்று ஒரு மூலையில் நினைத்தேனோ என்றுகூட இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. நடுவில் ஒருவர் மயங்கிக் கிடந்ததை நாம் இருவருமே மறந்திருக்கிறோம்.

நான் அதை உனக்கு எழுதியிருந்தேன். உன்னிடம் ஆயுதமாக அது இருந்தது. அத்தனை பேர் முன்னால் சிரிப்பை வாங்கிக்கொண்டபோதும் நீ அதை எடுக்கவில்லை. அதற்கு நன்றி என்று எழுதினால் சின்னதாக இருக்கிறது.

அளவு அதிகம் என்று தெரிந்தே தள்ளியதை அவளிடம் சொன்னேன். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். "சொல்லாம இருந்தா உங்களுக்குத் தூக்கம் வருமா?" என்றாள். வராது என்றேன். "அப்ப போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வக்கீல் என்னைப் பைத்தியக்காரன் என்றார். குழு எனக்கு ஒரு பங்கு போடும், அதை எந்தக் கம்பெனியும் கட்டாது, வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டியிருக்கும் என்றார். அவர் சொல்வது சரிதான். வீடு போனால் போகட்டும் என்று எழுதும் தைரியம் எனக்கு இல்லை. போகக் கூடாது என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

ஆனால் அந்த அம்மாள் கேட்டது "நீங்க ரெண்டு பேரும்" என்று. நீ ஒருத்திதான் பதில் சொல்லியிருக்கிறாய். அடுத்த மாதம் நான் வந்து என் பதிலையும் அவரிடம் சொல்கிறேன்.

தம்பி